'போத்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஜேர்மன் மொழியில் பைடெயா, பைடெஸா?

இரண்டு சொற்களும் சரியானவையே. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. நம்மவர் இதில் தடுமாறுவதற்குக் காரணம் ஆங்கிலமன்று, தமிழே என்பது என் எண்ணம். ஆட்களுக்கு 'இருவரும்', பொருள்களுக்கு 'இரண்டும்' என்று திணை பிரித்தே பேசிப் பழகிய நாம், பைடெ உயர்திணைக்கு, பைடெஸ் அஃறிணைக்கு என்று மனத்துக்குள் ஒரு கோடு போட்டுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த அக்காவின் மகள் விடுமுறைக்குக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மதியச் சோற்றுக்குத் தயிர் வேண்டுமா, வாழைப்பழம் வேண்டுமா என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டேன். எருமைத் தயிர்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே "பைடெஸ்" என்றாள். இரண்டு நாள் கழித்து, வழித்துத் துடைத்திருந்த இரண்டு சட்டிகளைக் காட்டி, இரண்டும் காலி என்று சொல்வதற்காக நான் "பைடெஸ்" என்று தொடங்க, "இல்லை மாமா, பைடெ ஸிண்ட் லேர்" என்று திருத்தினாள். சட்டியும் அஃறிணைதானே என்ற என் நியாயம் அவளிடம் எடுபடவில்லை.

சட்டிகள் ஒரே இனத்தவை, ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடியவை. ஆகவே அங்கே பன்மை வினையோடு பைடெ வரும். தயிரும் பழமும் வெவ்வேறானவை, அவற்றை ஒரே கட்டாகக் கட்டிச் சொல்லும்போதுதான் பைடெஸ் வருகிறது, வினையும் பெரும்பாலும் ஒருமையாகிறது: "பைடெஸ் இஸ்ட் குட்" (இரண்டும் நன்று). ஆட்கள் இருவரைக் குறிக்கப் பைடெஸ் வராது என்பதால், நம் ஊகத்தில் பாதி மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

முன்னால் 'டீ' என்ற சுட்டிடைச்சொல் வந்தால் ஈறு மாறும்: 'பைடெ கிண்டர்' (இரு பிள்ளைகளும்) என்பது 'டீ பைடென் கிண்டர்' ஆகும். ஆங்கிலத்தில் 'போத்' முன்னும், 'டீ'க்கு நிகரான 'த' பின்னும் வருவது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

"மட்டக்களப்பும் அம்பாறையும்" என்பது போல இரு பெயர்களையும் சொல்லி இணைக்கும் இடத்தில் பைடெக்கு வேலையே இல்லை. அங்கே 'ஸோவோல்' முதற்பெயருக்கு முன்னும், 'அல்ஸ் அவுக்' இரண்டாம் பெயருக்கு முன்னும் நிற்கும். நம் 'உம்' இரண்டு பெயர்களிலும் ஒட்டிக்கொள்வது போலத்தான் இது. இந்த ஓரிடத்தில் ஆங்கிலம் வழி போகாமல் தமிழிலிருந்து நேரே போவதே எளிது. பேச்சில் ஆங்கில 'அண்ட்'டுக்கு நிகரான வெறும் 'உண்ட்' போட்டாலும் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

இருவரில் ஒருவரும் இல்லை என்பதற்கு, பைடெயோடு எதிர்மறையைச் சேர்க்காமல், 'கைனர் ஃபொன் பைடென்' என்று சொல்லுங்கள்.