தேர்தலில் நிற்க வயது ஒரு தடையாக இருக்க வேண்டுமா?

கீழ் எல்லை தேவைதான். இலங்கையில் 18 வயதானால் வாக்காளர், நாடாளுமன்றத்துக்கும் போட்டியிடலாம். ஆனால் அந்த எல்லையிலும் அரசியல் கலக்கும். 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் ஜனாதிபதி வேட்பாளரின் குறைந்தபட்ச வயதை 30இலிருந்து 35 ஆக்கியபோது, முன்னாள் ஜனாதிபதி மகிந்தவின் மகன் நாமல் ராஜபக்சவுக்கு 29. யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று கொழும்பில் பேசாத ஆள் இல்லை!

மேல் எல்லைதான் சிக்கல். உயர் நீதிமன்ற நீதியரசர் 65இல் ஓய்வு பெற வேண்டும், எம்.பி.க்கு அப்படி எதுவும் இல்லை. திருகோணமலை எம்.பி.யும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவருமான சம்பந்தன் ஐயா 82 வயதில் எதிர்க்கட்சித் தலைவரானார், அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. ஆனால் கடைசி ஆண்டுகளில் உடல் ஒத்துழைக்கவில்லை. பதவி விலகுங்கள் என்று கட்சிக்குள்ளேயே குரல் வந்தது. 2024இல் 91 வயதில் எம்.பி.யாகவே காலமானார். அதுவரை சபையில் திருகோணமலைத் தமிழருக்காக யார் பேசுவது?

இத்தனைக்கும் எம்.பி. விலகினால் நம் முறையில் இடைத்தேர்தல் கிடையாது, கட்சிப் பட்டியலில் அடுத்தவர் வந்துவிடுவார். அதனால் வயதுக்குச் சட்டம் போடுவதை விட, நீண்ட காலம் சபைக்கு வர முடியாதவர் இடத்தை விட்டுக்கொடுக்கும்படி கட்சிகள் விதி வைத்தால் போதும் என்பேன். 40 வயதில் சபைப் பக்கமே வராதவர்களுக்கும் அது பொருந்தும்.