ஒளிரும் காரலும் ஓயாத காய்ச்சலும்: பாக்டீரியா பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: இரவில் மின்சாரம் போனபோது, சட்டியில் கிடந்த காரல் மீன் நீலமாக மின்னியது. பயந்து கொட்டிவிட்டோம். கெடாமலிருக்க ஏதாவது மருந்து தெளித்திருப்பார்களா? (வாசகி, குளச்சல்)

பதில்: மருந்து தெளித்தால் மீன் மின்னாதம்மா. அது பாக்டீரியாவின் வேலை. காரலின் உணவுக்குழாயைச் சுற்றி ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. அதற்குள் போட்டோபாக்டீரியம் என்ற கடல் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் செத்த பிறகு இவ்வகைக் கிருமிகள் வெளியேயும் பரவிப் பெருகும்.

இதற்கு உறவான விப்ரியோ ஃபிஷெரி, ஹவாய்க் கடலின் ஒரு சிறு கணவாய் மீனுக்குள் வாழ்கிறது. அதை ஆய்வகக் குடுவையில் வளர்த்த நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் 1970-இல் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள்: பாக்டீரியா பெருகிக்கொண்டே இருந்தாலும் முதலில் குடுவை இருட்டாகவே இருக்கும், கூட்டம் அடர்ந்ததும் சட்டென்று ஒளிரத் தொடங்கும். காரணம், ஒவ்வொரு செல்லும் ஒரு சிறிய வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் கூடக் கூட அதன் செறிவு ஏறுகிறது. ஒரு வரம்பைத் தாண்டியதும், ஒளி தரும் மரபணுக்கள் எல்லாச் செல்களிலும் விழித்துக்கொள்கின்றன. தனியாகத் திரியும் செல் ஒளி வீசி யாருக்கு என்ன லாபம்?

நோய்க்கிருமிகள் பலவும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. நாலைந்து பேராக இருக்கும்போதே நஞ்சைக் கக்கினால் உடலின் காவல் செல்கள் தீர்த்துக்கட்டிவிடும். ஆள் சேரும்வரை அடங்கியிருந்து பிறகு தாக்குகின்றன.

ஒளி நஞ்சல்ல. ஆனால் மீனின் மேலெல்லாம் மின்னுகிறது என்றால் அது கரைக்கு வந்து வெகு நேரமாகிவிட்டது. கொட்டியதில் தவறில்லை. நான் அதிகம் பயப்படுவது, மின்னாமலே கெட்டுப்போகும் சூரைக்கும் அயிலைக்கும்தான். ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும்; எவ்வளவு கொதிக்க வைத்துப் புளிமுளம் வைத்தாலும் அது போகாது.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறோம். மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் நிற்கிறது; பத்து நாளில் திரும்பி வருகிறது. மருந்து போலியா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: மருந்தைச் சந்தேகிக்கும் முன் குழாயைச் சந்தேகியுங்கள். அதன் உட்சுவரில் கிருமிகள் ஒட்டி, சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் செத்த செல்களின் டி.என்.ஏ.வும் கலந்த ஒரு பிசினைச் சுரந்து, அதற்குள் குடியேறுகின்றன. இதுதான் பயோஃபிலிம். சூடோமோனாஸ் போன்ற கிருமிகளில் இதைக் கட்டி எழுப்புவதிலும் மேலே சொன்ன வேதிச் சைகைக்குப் பங்குண்டு.

உள்ளே ஆழத்தில் உள்ள செல்கள் உணவும் ஆக்சிஜனும் குறைந்து அரைத் தூக்கத்தில் இருக்கும். வளர்கிற செல்லைத்தான் பல ஆன்டிபயாடிக்குகள் கொல்லும், தூங்குகிறதை விட்டுவிடும். இரத்தத்தில் திரிபவை சாகின்றன, காய்ச்சல் இறங்குகிறது. பிசினுக்குள் பிழைத்தவை பிறகு பிரிந்து வருகின்றன. புரோட்டியஸ் என்ற கிருமி சேர்ந்தால் சிறுநீரைக் காரமாக்கி உப்புப் படியவைத்துக் குழாயையே அடைத்துவிடும்.

ஆகவே குழாயை மாற்றலாமா, எடுத்தே விடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய குழாயிலிருந்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தால் குழாயில் குடியிருப்பவையும் சேர்ந்து தெரியும். புதியது போட்டபின் எடுப்பதே சரியான முறை. சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். சிறுநீர் கலங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரை வாங்காதீர்கள். குளிர்நடுக்கமோ பேச்சில் குழப்பமோ வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வாய் கொப்பளிக்கும் மருந்து இருக்கும்போது பல் தேய்ப்பது அவசியமா? (தக்கலை)

பதில்: அவசியம். பல் அழுக்கும் ஒரு பயோஃபிலிம்தான். நுண்ணுயிர்களை முதலில் கண்டவர்களில் ஒருவரான லேவன்ஹூக் 1683-லேயே தன் பல் அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்தவர். வினிகரால் கொப்பளித்தும், அழுக்கின் உள்ளே இருந்தவை உயிரோடிருந்ததை அவர் கவனித்தார். பிரஷ்தான் பிசினைக் கிழிக்கும்.

கேள்வி: கிணற்று நீர் ஏற்றும் மேல்தொட்டியில் வழவழப்பு. பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா? (குலசேகரம்)

பதில்: போதாது. குளோரின் மேல்படலத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். தொட்டியைக் காலி செய்து, சுரண்டித் தேய்த்துக் கழுவிய பிறகு பிளீச்சிங் போடுங்கள்.

கேள்வி: பாக்டீரியாவின் இந்த வேதிப் பேச்சைத் தடுத்துவிட்டால் ஆன்டிபயாடிக்கே வேண்டாமல் போகுமா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: நல்ல கேள்வி, ஆனால் அவசரப்படாதீர்கள். ஆஸ்திரேலியக் கடலில் டெலிசியா என்ற சிவப்புப் பாசி, ஃபியூரனோன் என்ற பொருளால் இந்தச் சைகைகளைக் குழப்புகிறது. அதன் மேல் பாக்டீரியாப் படலம் எளிதில் படிவதில்லை. அதைப் பார்த்துப் பலரும் மருந்து தேடுகிறார்கள். மருத்துவமனையில் வழக்கமாகக் கொடுக்கும் அப்படியொரு மருந்து இன்னும் வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், எல்லாக் கிருமியும் ஒரே திசையில் போவதில்லை. காலராக் கிருமி தலைகீழ்: கூட்டம் அடர்ந்ததும் பிசின் சுரப்பதையும் நோய் தரும் காரணிகளையும் நிறுத்திக்கொண்டு, அடுத்த ஆளைத் தேடிக் குடலை விட்டு வெளியேறத் தயாராகிறது. அங்கே சைகையை அடைத்தால் நோயை வளர்த்ததாகிவிடும். சீழ்ப்புண் தரும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸிலும் சைகை கூடினால் நஞ்சு ஏறும், படலம் கலையும்; சைகை குறைந்தால் படலம் தடிக்கும். எந்தக் கிருமி, எந்தக் கட்டம் என்று தெரியாமல் வாயை அடைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.