54 புது வீரர்கள் வருகிறார்கள் என்றால் அணி பலமாகிவிட்டதா?

கேள்வி: ஒஹையோவில் வசிக்கிறோம். எங்கள் ஊர்க் கல்லூரி என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) டிவிஷன் 3-ல், அதாவது மூன்றாம் தட்டில், அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறது. ஒஹையோ அத்லெட்டிக் கன்ஃபரன்ஸ் (வட்டாரக் கல்லூரிகளின் லீக்) அணி. குடும்பத்தோடு சனிக்கிழமை தவறாமல் மைதானத்துக்குப் போகிறோம். கடந்த சீசன் 7-3 (ஏழு வெற்றி, மூன்று தோல்வி). மொத்தம் 286 புள்ளி எடுத்து 251 கொடுத்தோம். ஒரு ஆட்டத்தை 63-0 என்று வென்றோம். எதிரணிகள் 17 முறை பந்தை நழுவவிட்டதில் 13 எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் 15 முறை நழுவவிட்டு 4-ஐத்தான் இழந்தோம். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) திரும்பி வருகிறார், ஒஃபென்சிவ் லைனில் (அவரைக் காக்கும் முன்வரிசை) ஐந்து பேரில் நான்கு பேர் படிப்பு முடித்துப் போகிறார்கள். இந்த ஆண்டு 54 புது வீரர்களை அறிவித்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் டிவிஷன் 1-லிருந்து மாறி வருபவர்கள். அடுத்த சீசனில் ப்ளே-ஆஃப் கனவு காணலாமா? புது வீரர்களை எப்படி எடை போடுவது?

பதில்: நேராகச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் தந்த எண்களை வைத்துப் பார்த்தால் அடுத்த சீசன் 5-5 அல்லது 6-4 என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். அந்த 54 பேரில் பெரும்பாலோர் இந்த இலையுதிர் காலத்தின் முடிவுகளை மாற்றப்போவதில்லை. அவர்கள் யார் என்பது இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

முதலில் 7-3-ஐப் பிரித்துப் பார்ப்போம். எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் தனித்தனியே வர்க்கப்படுத்துங்கள். எடுத்ததன் வர்க்கத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை சதவீத ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும் என்ற தோராயம் கிடைக்கும். 286-க்கு 81,796. 251-க்கு 63,001. விடை 0.565, அதாவது பத்து ஆட்டத்தில் ஐந்தரை வெற்றிக்குச் சற்று மேல். (தொழில்முறை ஆட்டத்துக்கு 2-க்குப் பதில் 2.37 என்ற அடுக்கைப் பயன்படுத்துவார்கள். கையால் போடும் கணக்குக்கு 2 போதும்.)

இன்னொரு திருத்தமும் வேண்டும். டிவிஷன் 3-ல் வலுவான அணிக்கும் நலிந்த அணிக்கும் இடையே இடைவெளி மிகப் பெரியது. அதனால் ஒரே ஒரு 63-0 மொத்தக் கணக்கையும் திரித்துவிடும். அதை எடுத்துவிட்டால் மீதி ஒன்பது ஆட்டத்தில் நீங்கள் எடுத்தது 223, கொடுத்தது 251. அதே கணக்கில் 0.441, ஒன்பது ஆட்டத்துக்கு நான்கு வெற்றி. எடுத்து வைத்த ஒன்றையும் சேர்த்தால் ஐந்து. ஆக, உங்கள் அணி 7-3 என்ற உடையில் ஆடிய 5-5 அணி. நெருக்கமான ஆட்டங்களை ஜெயித்தது வீரர்களின் உழைப்புதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு டச்டவுன் வித்தியாசத்தில் முடிகிற ஆட்டங்களில் ஒரு சீசனின் வெற்றி விகிதம் அடுத்த சீசனுக்கு அப்படியே தொடர்வது அரிது.

அதற்கான தடயம் ஃபம்பிள் (பந்தை நழுவவிடுதல்) கணக்கிலேயே இருக்கிறது. பந்து தரையில் உருண்ட பிறகு அது யார் கைக்குப் போகும் என்பது ஏறத்தாழ பாதிக்குப் பாதி. உங்கள் ஆட்டங்களில் மொத்தம் 32 ஃபம்பிள். அதில் எதிரணியிடமிருந்து 13, சொந்தமாக நழுவவிட்டு மீட்டது 11, ஆக 24 உங்களுக்கு. இயல்பாக 16 கிடைத்திருக்க வேண்டும். கூடுதலாக வந்த 8 பந்துகளுக்கு, ஒன்றுக்கு 4 புள்ளி என்று குறைத்து மதிப்பிட்டாலும், 32 புள்ளி. சீசன் முழுவதற்கும் உங்கள் அணியின் புள்ளி உபரியே 35-தான். இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) வேறு விஷயம். அதில் குவார்ட்டர்பேக்கின் கண்ணும் டிஃபென்ஸின் திட்டமும் இருக்கின்றன, எனவே ஓரளவு தொடரும். ஃபம்பிள் மீட்பை மட்டும் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, யார் திரும்பி வருகிறார்கள் என்பது. ரசிகர்கள் வழக்கமாக "எத்தனை ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் வீரர்) திரும்புகிறார்கள்" என்று எண்ணுவார்கள். அதைவிட எத்தனை தொடக்க ஆட்டங்கள் திரும்புகின்றன, அதாவது திரும்பி வருகிறவர்கள் களத்தில் முதலிலிருந்தே இறங்கிய ஆட்டங்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணுவது நல்லது. ஒஃபென்சிவ் லைனில் ஐந்து இடம், பத்து ஆட்டம், மொத்தம் 50. காயத்தால் மாற்றாக நான்கு ஆட்டம் தொடங்கிய இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் இருந்தால் அவருடைய நான்கும் கணக்கில் சேரும். 50-ல் 35-க்கு மேல் திரும்பினால் நிம்மதி, 20-க்குக் கீழே போனால் கவலைப்படலாம். உங்களுக்கு முழு சீசன் ஆடிய ஒருவர் மட்டும் என்றால் 10, மாற்று வீரர்களைச் சேர்த்து 15 வரலாம். கல்லூரி விளையாட்டுத் தளத்தில் புள்ளிவிவரப் பக்கத்தில் தொடக்க ஆட்ட எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கும். சிறு கல்லூரிகள் பலவற்றில் அதைச் சரியாக நிரப்புவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரையும் (ஆட்டப் புள்ளிவிவரத் தாள்) திறந்து பார்ப்பது அலுப்பான வேலைதான், ஆனால் நம்பகமானது.

லைனைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. டிவிஷன் 1-ன் மேல்தட்டில் நெடுங்காலம் 85 முழு உதவித்தொகை இருந்தது, அடுத்த தட்டில் 63-க்கு ஈடான தொகை, டிவிஷன் 2-ல் 36. ஆறடி நான்கங்குலம், 290 பவுண்டு, கால் வேகமும் இருக்கிற பையனை அவர்களே வாரிக்கொண்டு போய்விடுவார்கள். டிவிஷன் 3-க்கு வருகிறவர் ஆறடி ஒன்று, 235 பவுண்டு. அல்லது உயரம் இருந்து உடம்பு வராதவர். அவருக்கு 40, 50 பவுண்டு கூட வேண்டும், அதுவும் வேகம் குறையாமல். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்திலும் எடைப் பயிற்சி அறையிலும் அது இரண்டு, மூன்று ஆண்டு வேலை. மின்னசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு பென் பார்ச் டைட் எண்டாக (பந்தும் பிடிக்கும் ஓர வீரர்) வந்தவர். அங்கேயே எடை கூட்டி டாக்கிளாக (லைனின் ஓர இடம்) மாறி, 2020-ல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் வீரர் தேர்வில் நான்காம் சுற்றில் ஜாக்சன்வில் அணியால் தேர்வு செய்யப்பட்டார். ஹோபார்ட் கல்லூரியின் அலி மார்ப்பெட் 2015-ல் இரண்டாம் சுற்றில், 61-ஆவது தேர்வாகப் போனார். இருவருமே லைன்மேன் என்பதைக் கவனியுங்கள். இந்த மட்டத்தில் நேரம் கொடுத்து வளர்க்கக்கூடிய இடம் அது. அதனால்தான் நான்கு சீனியர்கள் ஒரே ஆண்டில் போவது வலிக்கும், அந்த இடத்தைப் பதினெட்டு வயதுப் பையன்களால் நிரப்ப முடியாது. குவார்ட்டர்பேக் திரும்புகிறார் என்ற நல்ல செய்தியும் இதில் பாதி கரையும். பந்தை எறிய மூன்று விநாடி கிடைக்காவிட்டால் கடந்த ஆண்டு பார்த்த அதே ஆள் வேறு ஆளாகத் தெரிவார். முதல் இரண்டு ஆட்டத்தில் அவர் தடுமாறினால் அவரைத் திட்டாதீர்கள்.

இனி அந்த 54 பேர். ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிறிய தனியார் கல்லூரிகளுக்கு மாணவர் எண்ணிக்கைதான் உயிர். கால்பந்து அணியில் 120, 140 பேர் இருந்தால் அத்தனை பேரும் கட்டணம் கட்டுகிற மாணவர்கள். மாணவர் சேர்க்கையை உயர்த்துவதற்காகவே புதிதாகக் கால்பந்து அணி தொடங்கிய கல்லூரிகள் உண்டு. ஆகவே பெரிய பட்டியல் பயிற்சியாளரின் சாமர்த்தியத்தைக் காட்டலாம், கல்லூரி நிர்வாகம் அவருக்குக் கொடுத்த இலக்கையும் காட்டலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது.

மேலும், டிவிஷன் 3-ல் சேருவதாகப் போடும் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது. பள்ளியில் தொப்பி போட்டுக்கொண்டு கையெழுத்திடும் படம் வரும், அது கொண்டாட்டத்துக்கான தாள். கல்வி உதவித்தொகை போதாமல் போகலாம், டிவிஷன் 2 கல்லூரியிலிருந்து கோடையில் அழைப்பு வரலாம், பையனே மனம் மாறலாம். பிப்ரவரியில் அறிவித்த பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் நடுவில் முகாம் தொடங்கியதும் கல்லூரி வெளியிடும் ரோஸ்டரோடு (அணியின் வீரர் பட்டியல்) பெயர் பெயராக ஒப்பிடுங்கள். வராதவர்கள் யார், எந்த இடத்துக்கானவர்கள் என்று பார்த்தால் போதும்.

ஒரு கல்லூரியின் ஆள்சேர்ப்பை மதிப்பிட எங்களுக்குத் தெரிந்த மிக நல்ல வழி இதற்கும் அடுத்த படி. தளத்தில் பழைய ஆண்டு ரோஸ்டர்களும் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய ரோஸ்டரில் எத்தனை ஃப்ரெஷ்மேன் (முதலாண்டு மாணவர்) என்று எண்ணுங்கள். அதே பெயர்கள் இப்போது ஜூனியராக (மூன்றாமாண்டு) எத்தனை மிஞ்சியிருக்கின்றன? 50 பேரில் 24, 25 நின்றிருந்தால் அது ஆரோக்கியமான அணி. 10 பேர்தான் என்றால் ஒவ்வொரு ஆண்டும் பெரிய பட்டியல் வரும், அணி எப்போதும் இளசாகவே இருக்கும், அக்டோபரில் முதிர்ந்த அணிகளிடம் அடி வாங்கும். மூன்று ஆண்டுகளுக்கு இப்படி எண்ணிப் பாருங்கள். பாதிப் பேர் விலகுவது இந்த மட்டத்தில் சாதாரணம், விளையாட்டு உதவித்தொகை இல்லாததால் ஆடுவதை நிறுத்தினாலும் படிப்புக்குப் பாதகம் இல்லை. யார் விலகுகிறார்கள் என்பதில்தான் சேதி இருக்கிறது. ஒரே இடத்தில் ஆடும் மாணவர்கள் கூட்டமாக விலகினால், பெரும்பாலும் அந்த இடத்தின் உதவிப் பயிற்சியாளர் மாறியிருப்பார்.

தனித்தனி வீரரைப் பார்க்கும்போது ஒஹையோவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளிக் கால்பந்து மாணவர் எண்ணிக்கைப்படி ஏழு பிரிவாக இருக்கிறது. ஏழாம் பிரிவின் சிறிய பள்ளியில் 2,000 கெஜம் ஓடியவரையும் முதல் பிரிவுப் பள்ளியில் 900 கெஜம் ஓடியவரையும் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டாமவர் ஒவ்வொரு வாரமும் சந்தித்த டிஃபென்ஸில் கல்லூரிக்குப் போகிறவர்கள் பலர் இருந்திருப்பார்கள். நாற்பது கெஜ ஓட்டத்துக்குச் சொல்லும் 4.5 விநாடியை நம்ப வேண்டாம். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்த நேரம் மின்னணு நேரத்தைவிட வேகமாகவே காட்டும். தடகளப் போட்டியில் 100 மீட்டர் ஓடியிருந்தால் அந்த முடிவைத் தேடுங்கள். மின்னணுக் கணக்கில் 11 விநாடிக்குள் என்றால் இந்த மட்டத்துக்கு உண்மையான வேகம். லைன்மேன் என்றால் மல்யுத்தம் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். இடுப்பைத் தாழ்த்தி எதிராளியைக் கட்டுப்படுத்தும் பழக்கம் அங்கே வந்திருக்கும். உயரம், எடையில் ஓரங்குலமும் பத்து பவுண்டும் கூட்டித்தான் எழுதுவார்கள்.

ஹட்ல் என்ற தளத்தில் வீரர்கள் போடும் காணொளித் தொகுப்பில் எல்லாரும் நட்சத்திரம்தான். முடிந்தால் ஒரு முழு ஆட்டத்தைப் பாருங்கள். பந்து தன் பக்கம் வராதபோது அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதில் நிறையத் தெரியும்.

முதல் ஆண்டிலேயே களமிறங்க வாய்ப்புள்ளவர்கள் கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்), ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), கார்னர்பேக் (ரிசீவரைத் தடுப்பவர்), சில சமயம் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்). உங்கள் அணி நெருக்கமான ஆட்டங்களில் பிழைத்த அணி என்பதால் புதுக் கிக்கர் யார் என்று முதலில் தேடுங்கள். 35 கெஜத்திலிருந்து தவறாமல் அடிக்கும் ஒருவர் ஒரு சீசனில் ஒரு ஆட்டத்தையே மாற்றிவிடுவார். மற்ற புதியவர்களை ஜூனியர் வார்சிட்டி (இரண்டாம் அணி) ஆட்டங்களில் பார்க்கலாம். ஞாயிறு, திங்களில் நடக்கும், கூட்டம் இருக்காது. அடுத்த ஆண்டு அணியை முன்கூட்டியே பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மாறி வரும் இருவரைத் தனியாகக் கணக்கிடுங்கள். 2025 முதல், வீரர்களோடு வருவாயைப் பகிரும் ஏற்பாட்டில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளில் அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பு வந்திருக்கிறது. அதனால் இடம் இழப்பவர்கள் படிப்படியாகக் கீழ் மட்டங்களுக்கு வருகிறார்கள். "டிவிஷன் 1 வீரர்" என்ற பட்டத்தைவிட, அங்கே எத்தனை ஸ்நாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவது) ஆடினார் என்பதே கேள்வி. இரண்டு ஆண்டு ஒரு ஆட்டமும் ஆடாத 280 பவுண்டு லைன்மேன் என்றாலும் உங்களுக்கு இப்போது பொன். அதே நிலையில் ரிசீவர் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இன்னும் எத்தனை செமஸ்டர் மிச்சம் என்பதையும் பாருங்கள். டிவிஷன் 3-ல் பத்து முழுநேர செமஸ்டருக்குள் ஆடி முடிக்க வேண்டும். ஒரே ஆண்டுக்கு வருபவர் ஓட்டையை அடைப்பார், ஆனால் அடுத்த ஆண்டு அதே ஓட்டை திரும்பும்.

ப்ளே-ஆஃப் பற்றி. 2024 முதல் 40 அணிகள். கன்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம், மீதி இடங்கள் என்.பி.ஐ. என்ற தரவரிசைக் கணக்கீட்டின்படி. அதில் எதிரணிகளின் வலு முக்கியம். உங்கள் கன்ஃபரன்ஸில் மவுண்ட் யூனியன் இருக்கிறது. 1993-லிருந்து 2017 வரை 13 தேசியப் பட்டங்கள். லாரி கெரிஸ் பயிற்சியில் மட்டும் 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன். சீசனின் வழக்கமான ஆட்டங்களில் தொடர்ந்து 112 வென்ற அவர்களை 2016 நவம்பரில் ஜான் கேரல் பல்கலைக்கழக அணி 31-28 என்று நிறுத்தியது. ஆகவே நடக்காத காரியம் இல்லை. ஆனால் சாம்பியன் பட்டத்தை எண்ணாமல் திட்டமிடுவதே யதார்த்தம். அப்படியானால் 9-1 வேண்டும். 8-2 என்றால் கன்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடும் ஆட்டம் வலுவான அணியோடு இருந்து, அதை வென்றிருக்க வேண்டும். அந்த எதிரணியின் கடந்த ஆண்டுக் கணக்கு 2-8 என்றால் வெற்றியால் பெரிய பயன் கிடைக்காது. அட்டவணையில் அதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

செப்டம்பர் முதல் இரண்டு ஆட்டங்களில் ஸ்கோர் பலகையை விட்டுவிட்டு, மூன்றாவது டவுனில் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 2 கெஜம் தேவைப்படும்போது லைன் தள்ளுகிறதா, குவார்ட்டர்பேக் எத்தனை முறை தரையில் விழுகிறார் என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் விழுவது ஆட்டத்துக்கு இரண்டு முறைக்குள் அடங்கி, அந்தக் குறுகிய டவுன்களில் பாதிக்கு மேல் தேறினால் நாங்கள் சொன்ன 5-5-ஐ 7-3 ஆக உயர்த்திக்கொள்ளலாம்.