மாதம் 20 நிமிடப் பேச்சுப் பயிற்சி போதுமா?

கேள்வி: எங்கள் மழலையர் பள்ளியில் 2 முதல் 5 வயது வரை 40 குழந்தைகள் படிக்கிறார்கள். ஆறு பேருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் மாதம் ஒருமுறை வந்து, ஒவ்வொருவரையும் தனி அறையில் 20 நிமிடம் பார்க்கிறார். ஓராண்டாகியும் பெரிய மாற்றம் இல்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஒரு குழந்தை விழித்திருக்கும் நேரம் மாதத்துக்கு ஏறக்குறைய 350 மணி. பயிற்சியாளர் கையில் இருப்பது அதில் 20 நிமிடம். மீதியெல்லாம் உங்கள் ஆசிரியர்களிடமும் வீட்டாரிடமும்தான் கழிகிறது. அதனால் அவர் வரும் நாளின் வேலையையே மாற்றுங்கள். அவர் வகுப்புக்குள் வந்து, விளையாட்டு நடுவே குழந்தையோடு பேசட்டும். ஆசிரியர் அதைக் கவனிக்கட்டும். அப்புறம் ஆசிரியர் பேச, அவர் பார்த்துத் திருத்தட்டும். அம்மாவோ தாத்தாவோ உடன் இருந்தால் இன்னும் நல்லது. திக்குவாய்க்கும், குறிப்பிட்ட ஒலிகள் வராத குழந்தைகளுக்கும் தனிப் பயிற்சி தேவைப்படலாம். அதை நிறுத்த வேண்டாம்.

பெரியவர்கள் முதலில் பழக வேண்டியது காத்திருப்பது. கேள்வி கேட்டுவிட்டு, மறு நொடியே பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள், சில குழந்தைகளுக்கு வாய் திறக்க அவ்வளவு நேரம் வேண்டும். "இது என்ன? அது என்ன கலர்?" என்று அடுக்கிக்கொண்டே போனால் குழந்தைக்கு அது பரீட்சை. அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். "பந்து" என்றால் "பந்து உருளுது" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். "லயில்" என்றால் "ஆமா, ரயில் வருது" போதும். "சரியா சொல்லு" என்று நிறுத்தினால் பேச வந்த குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

ஆறு பேருக்கும் செவித்திறன் பரிசோதனை நடந்திருக்கிறதா? நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் மற்ற எதற்கும் முன் அதுதான். சளி பிடித்தபின் நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது இந்த வயதில் மிகச் சாதாரணம். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதால் வீட்டில் சந்தேகமே வராது. மெல்லிய பேச்சொலிகள் மட்டும் தப்பிப் போகும்.

உங்கள் பட்டியலில் இல்லாத குழந்தைகளை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. தெளிவாகப் பேசாத குழந்தை உடனே கண்ணில் படும். சொன்னது புரியாத குழந்தை "சொல் பேச்சு கேட்காதவன்" என்று பெயர் வாங்கும், அல்லது மூலையில் அமைதியாக இருக்கும். வேறு வெளிப்படையான காரணமில்லாத மொழிக் குறைபாடு நூறில் ஏறக்குறைய ஏழு குழந்தைகளுக்கு உண்டு. கையால் காட்டாமல், "ஷூவை எடுத்துப் பெட்டிக்குள் வை" என்று மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்லிப் பாருங்கள். தடுமாறுபவர்களையும் பயிற்சியாளர் பார்க்க வேண்டும்.

"அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்பார்கள். பலர் தாமாகவே தேறிவிடுவது உண்மைதான். ஆனால் யார் தேறுவார்கள் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வழியில்லை. இரண்டு வயதில் 50 சொற்களுக்குக் குறைவு, அல்லது இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் அப்போதே பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். வந்த சொற்கள் மறைந்து போனால் எந்த வயதானாலும் தாமதிக்கவே கூடாது.

வீட்டு மொழியை விடச் சொல்லிப் பெற்றோரிடம் யாரும் அறிவுரை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தக் குறைபாடு வருவதில்லை. படம் காட்டியும் சைகையாலும் பேச விட்டால் பேச்சு வராது என்பதும் தவறு.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். அதில் அந்த மாதத்துக்கு ஒரே ஒரு இலக்கு. மாதக் கடைசியில் விளையாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுங்கி உட்கார்ந்து, குழந்தை தானாக எத்தனை முறை பேச்சைத் தொடங்கியது என்று எண்ணி அதில் எழுதுங்கள். மூன்று மாதம் அந்த எண் நகரவில்லை என்றால், நோட்டோடு பயிற்சியாளரிடம் உட்கார்ந்து இலக்கை மாற்றுங்கள்.