மலையில் குவின்ஸ் வைக்கலாமா? கேள்வி பதில்

மூணாறுக்கு அருகே காந்தல்லூர், வட்டவடை பக்கம் ஆப்பிளும் பிளம்ஸும் போட்டவர்கள் இப்போது குவின்ஸ் மீது கண் வைத்திருக்கிறார்கள், அதுதான் சீமை மாதுளை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கம்பம்): அண்ணே, திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. ரெண்டு கன்று வைக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மரம் தழைக்கும், ஆனால் காயை எதிர்பார்க்க முடியாது. இது ஆப்பிள், பேரிக்காய் குடும்பம். குளிரில் இலை உதிர்த்து உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும், அதற்கு 7 டிகிரிக்குக் கீழே ரகத்தைப் பொறுத்து 100 முதல் 500 மணி நேரம் வரை குளிர் கிடைக்க வேண்டும். கம்பம் இருப்பது சுமார் 400 மீட்டர் உயரத்தில், மார்கழியிலும் அங்கே அந்தக் குளிர் ஏது? குமுளி ஏறினாலும் பத்தாது. 1500 மீட்டர் தாண்டினால் பேசலாம். உங்கள் மண்ணுக்குத் திராட்சையும் கொய்யாவும் இருக்கும்போது இந்த ஆசை எதற்கு?

கேள்வி (வட்டவடை): ஒரு மரம் மட்டும் வைத்தால் காய்க்குமா? எவ்வளவு இடம் விட வேண்டும்?

பதில்: காய்க்கும். தன் மகரந்தமே போதும், ஜோடி மரம் தேவையில்லை. சுற்றி 4 மீட்டர் விடுங்கள். வெயில் நன்றாக விழும் இடமாகப் பாருங்கள், பூண்டு வயல் ஓரம்கூடச் சரிதான். ஈர மண்ணை ஓரளவு தாங்கும், அதற்காகத் தண்ணீர் தேங்கும் குழியில் வைத்துவிடாதீர்கள். சுண்ணாம்பு மட்டும் அள்ளிப் போட வேண்டாம், மண்ணில் காரத்தன்மை கூடினால் நரம்பு பச்சையாக நிற்க இலை மட்டும் வெளுக்கும். அடிமரத்தில் பக்கக் கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், பார்த்தவுடன் கிள்ளிவிடுங்கள்.

கேள்வி (மறையூர்): நாட்டு மருந்துக் கடையில் பீஹிதானா என்று ஒரு விதை விற்கிறார்கள். அதுவும் குவின்ஸ்தானாமே, அதையே ஊன்றலாமா?

பதில்: ஆமாம் அக்கா, அது குவின்ஸ் விதைதான். தண்ணீரில் போட்டால் வழுவழுவென்று வரும், இருமலுக்கு யுனானிக்காரர்கள் தருவது. ஆனால் கடையில் எத்தனை வருடம் கிடந்ததோ, முளைப்பது சந்தேகம். முளைத்தாலும் தாய் மரத்தின் குணம் வராது, காய்க்கவும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குச்சி நடுவதுதான் சுலபம். மரம் உறங்கும் சமயத்தில் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் போன வருடத்துக் கிளையை வெட்டி, மணல் கலந்த மண்ணில் முக்கால் பாகம் புதைத்து நிழலில் வையுங்கள், வேர் விட்டுவிடும். இப்படி லேசாக வேர் விடுவதாலும், மரத்தைக் குட்டையாக வைப்பதாலும் பல நாடுகளில் பேரியைக் குவின்ஸ் வேர்க்கன்று மீது ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆனால் சில பேரி ரகங்கள் குவின்ஸோடு ஒட்டாது, பார்ட்லெட் என்ற ரகம் அப்படித்தான், அதற்கு இடையில் இரண்டோடும் ஒட்டும் வேறொரு பேரி ரகத்தின் துண்டு வைக்க வேண்டும். இன்னொன்று, விதையைக் கடித்துத் தின்னக் கூடாது, உள்ளே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

கேள்வி (காந்தல்லூர்): நாலு வருட மரம். ஒவ்வொரு வருடமும் நுனியை வெட்டி அழகாக வைத்திருக்கிறோம், பூவே இல்லை.

பதில்: அந்த அழகுதான் காரணமாக இருக்கும்! குவின்ஸ் அந்த வருடம் துளிர்க்கும் சின்னத் தளிரின் நுனியில் ஒற்றைப் பூவாகப் பூக்கும். தளிர் கிளம்ப வேண்டிய கிளை நுனிகளை எல்லாம் கத்தரித்தால் பூ எங்கிருந்து வரும்? காய்ந்தது, குறுக்கே உரசுவது, இவற்றை மட்டும் எடுங்கள். அப்படியும் பூக்காவிட்டால் குளிர் போதாமல் இருக்கலாம். இந்தோனேசியாவில் மலாங் பக்கத்து மலையில், குளிர் போதாத குறைக்கு, ஆப்பிள் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவிவிட்டுத் துளிர்க்க வைக்கிறார்கள். ஒரு கிளையில் மட்டும் செய்து பாருங்கள், முழு மரத்தையும் மொட்டையடிக்காதீர்கள்.

கேள்வி (பூப்பாறை): மழைக்காலத்தில் இலை முழுக்கப் பழுப்புப் புள்ளி, அப்புறம் உதிர்கிறது.

பதில்: பூஞ்சை. விழுந்த இலையைக் கூட்டி எரித்துவிடுங்கள், மரத்தின் நடுவில் காற்று புக வழி செய்யுங்கள். உங்கள் பக்கம் மழை கொட்டுகிற ஊர், மறையூர் மாதிரி மழை மறைவு கிடையாது, அதனால் இந்தத் தொல்லை இருந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி (உடுமலை): காஷ்மீரிலிருந்து உறவினர் ஒருவர் நாலு பழம் கொண்டுவந்தார். கல்லு மாதிரி இருக்கிறது, கடித்தால் வாயெல்லாம் துவர்ப்பு. பழுக்க வைப்பது எப்படி?

பதில்: எவ்வளவு நாள் வைத்தாலும் கொய்யா போல ஆகாது. மேலே உள்ள பஞ்சைத் துணியால் துடைத்துவிட்டு மஞ்சளாகும் வரை கூடையில் வையுங்கள், அறை முழுக்க மணக்கும். அப்புறம் தோல் சீவி, நடுப் பகுதியை எடுத்துவிட்டு (அரிவாள்மனை வழுக்கும், கை பத்திரம்) கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் ஒன்றிரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். வெளிர் மஞ்சள் மெல்ல ரோஜா நிறமாகி, இன்னும் வெந்தால் செம்மண் நிறத்துக்கு வரும், துவர்ப்பும் அடங்கிவிடும். மறையூர் வெல்லம் போட்டால் சுவை பிரமாதம், ஆனால் அந்த நிறம் மறைந்துவிடும். நிறம் பார்க்க ஆசை என்றால் சர்க்கரைதான். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இதில் அதிகம் என்பதால் தனியே எதுவும் சேர்க்காமலே அல்வாப் பதத்துக்கு இறுகும். காஷ்மீரில் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பே வைக்கிறார்கள், இந்தப் பழத்துக்கு அங்கே பம்சூந்த் என்று பெயர்.

கேள்வி (வட்டவடை, இன்னொருவர்): துவர்ப்பு என்றால் குரங்கு தொடாதுதானே?

பதில்: குரங்குக்கு அது தெரிய வேண்டுமே! ஒவ்வொரு காயாகக் கடித்துப் பார்த்துத்தான் வேண்டாம் என்று தூக்கிப் போடும். வலை போடுங்கள்.