புதிய பிரேக் பேட் காலிப்பருக்குள் இறங்காவிட்டால்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் கொட்டகையில் நான்கு ஆண்டுகள் நின்றிருந்த 1969ஆம் ஆண்டு எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைச் சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்துள்ளோம். முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கு வாங்கிய புதிய பேட்கள் காலிப்பருக்குள் இறங்கவில்லை. பேட்டைச் சற்றுத் தேய்த்துப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: தேய்க்க வேண்டாம். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகளே பேட்கள். அவற்றைத் தாங்கி அழுத்தும் வார்ப்பிரும்புப் பகுதிதான் காலிப்பர். உராயும் பகுதியைத் தேய்த்தால் பேட் உள்ளே போய்விடும். ஆனால் அதைத் தடுத்த காரணம் காலிப்பரிலேயே இருக்கும்.

பேட் எந்தத் திசையில் முட்டுகிறது என்று முதலில் பாருங்கள். டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் போதவில்லையா, அல்லது பேட்டின் இரும்புத் தகடே காலிப்பரின் பள்ளத்தில் நுழைய மறுக்கிறதா?

இடம் போதவில்லை என்றால், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பேட்டைத் தள்ளும் உருளையான பிஸ்டனைக் கவனிக்க வேண்டும். பழைய பேட் தேயத் தேய அது வெளியே வந்து நிற்கும். புதிய பேட்டின் முழுத் தடிமனுக்கு இடம்விட அதை உள்ளே தள்ளியாக வேண்டும். உங்கள் காரின் காலிப்பரில் டிஸ்க்கின் இருபுறமும் ஒவ்வொரு பிஸ்டன் உண்டு. ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே வரும் என்பதால், எதிர்ப்புறத்தில் பழைய பேட்டை விட்டுவைத்து ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான பிளீடிங் நிப்பிளில் குழாயைச் செருகித் திறந்துவிட்டுத் தள்ளினால், அழுக்கேறிய பிரேக் ஆயில், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பாமலும், மேலே வழிந்து பெயின்ட்டைக் கெடுக்காமலும் வெளியேறிவிடும். நிப்பிள் திறந்திருக்கையில் எளிதாக நகரும் பிஸ்டன், மூடியதும் நகர மறுத்தால், உட்புறம் வீங்கி அடைத்த ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கலாம். திறந்தும் நகராவிட்டால் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கிறது. அதை நெம்பாமல், காலிப்பரைக் கழற்றிச் சீல்களை (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களை) மாற்றுங்கள்.

ஆனால் மலைப்பனியில் நான்கு ஆண்டுகள் நின்ற காரில் இரண்டாவது காரணமே எனக்கு அதிகம் படுகிறது. பேட்டின் தகடு உட்காரும் பள்ளத்தின் விளிம்புகளில் துரு கெட்டியாகப் படிந்து, பள்ளம் குறுகியிருக்கும். போதாக்குறைக்குப் புதிய தகட்டின் ஓரங்களில் பெயின்ட்டும் தடிப்பாக இருக்கும். பள்ளத்தின் துருவைக் கம்பித் தூரிகையாலும், தகட்டு ஓரத்தின் பெயின்ட்டை மட்டும் மெல்லிய அரத்தாலும் நீக்குங்கள், வார்ப்பிரும்பையே அராவிவிடாதீர்கள். பழைய பேட் தூசியில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டிஸ்க்கின் வெளிவிளிம்பில் துருவேறிய வரம்பு நின்றாலும் பேட் அதில் முட்டும். தடிமன் அனுமதித்தால் லேத்தில் சீராக்கலாம், இல்லாவிட்டால் டிஸ்க்கை மாற்ற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இறங்காவிட்டால், பழைய பேட்டைப் புதியதன்மேல் பொருத்தி வடிவத்தை ஒப்பிடுங்கள். எம்ஜிபி என்ற பெயரிலேயே 1973 முதல் 1976 வரை வந்த வி8 காரின் டிஸ்க் தடிமனானது என்பதால், கடைக்காரரிடம் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது போதாது.

சரியாகப் பொருந்திய பேட் விரலால் அழுத்தினாலே வழுக்கி இறங்கும். சுத்தியலால் தட்டி இறக்கிய பேட், காலை எடுத்தபின்னும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பிஸ்டனைச் சிறிதளவு பின்னிழுக்கும் சீலுக்கு, இறுகிய பேட்டையும் விடுவிக்கும் வலு கிடையாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போது அந்த உரசலின் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். டாட் 4 (DOT 4) தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் உண்டாகும் ஆவி அழுந்திவிடும் என்பதால் பெடல் தரைவரை போகும். ஆகவே பழைய ஆயிலை முழுவதும் மாற்றி, பிரேக்கை பிளீட் செய்து (உள்ளே உள்ள காற்றை வெளியேற்றி) விடுங்கள். பேட்களைப் பிடித்துவைக்கும் ஸ்ப்ளிட் பின்களும் புதியவையாக இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும்முன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள். பின்னர் ஆளில்லாத சமதளச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாக, இடைவெளி விட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை பிரேக் பிடித்துப் பேட்களைப் பழக்குங்கள். பிறகு பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால், மலையேறும் முன் அந்தக் காலிப்பரைத் திரும்பவும் பிரித்துப் பார்க்க வேண்டும்.