விட வேண்டிய நேரத்தில் விடுமா? பழைய ஸ்கீ பைண்டிங் பற்றிச் சில கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவனிடம் ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை, பற்றிக் கேள்வியா என்று சிரிக்காதீர்கள். பட்டறை திறப்பதற்கு முன் குயின்ஸ்டவுனில் ஒரு வாடகைக் கடையின் பின்கட்டில் ஐந்து பனிக்காலம் பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு சேர்க்கும் சாமான், பூட்டிக்கொண்டிருந்தேன். நம் பிள்ளைகள் வேலை விசாவில் நியூசிலாந்து போகப் போக, கப்சாய் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்க வருகிறவர்களே இதையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சேர்ந்துபோனவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகள் குயின்ஸ்டவுனில் பழைய பொருள் கடையில் பைண்டிங்கோடு ஒரு ஜோடி ஸ்கீ வாங்கியிருக்கிறாள். பூட்ஸ் வேறு இடத்தில் வாங்கினாள். இரண்டும் பொருந்தவில்லை. ஸ்க்ரூடிரைவர் இருந்தால் அவளே சரிசெய்துகொள்ளலாமா, தம்பி?

நீளத்தைச் சரிசெய்யலாம், ஐயா. மற்றதைச் சொல்வதற்கு முன் ஒன்று. பைண்டிங் பூட்ஸைப் பிடித்து வைக்கும் சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விழும்போது அது விடவும் வேண்டும். முன் பகுதி, கால் முறுக்கிக்கொள்ளும்போது பக்கவாட்டில் விடும். பின் பகுதி, முகம் குப்புற விழும்போது குதிகாலை மேலே விடும். விடாவிட்டால் அவ்வளவு நீள ஸ்கீ நெம்புகோலாகி முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துவிடும்.

பூட்ஸின் குதிகால் பக்கத்தில் 305, 315 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது அடித்தளத்தின் நீளம், மில்லிமீட்டரில். ஷூ சைஸ் அல்ல. வாடகைக்கு விடும் வகை பைண்டிங் என்றால் முன்னும் பின்னும் தண்டவாளத்தில் நகரும்; அந்த எண்ணுக்கு நகர்த்தி வைத்தால் போதும். சாதாரண வகையில் பின் பகுதி மட்டும் கொஞ்ச தூரம் நகரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கழற்றி வேறு இடத்தில் துளை போட வேண்டும்.

நுழைந்துவிட்டது என்பதோடு வேலை முடியாது. பூட்ஸ் பின் பகுதியை ஓர் அளவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். அது சரியா என்று காட்டப் பின் பகுதியில் ஒரு கோடோ, சின்ன நாக்கோ, ஒரு திருகின் தலையோ இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்த மாடலின் கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்கக் கூடாது. அப்புறம் முன்பக்கம், பூட்ஸுக்கு அடியில் ஒரு வழுக்குத் தகடு. பல பழைய மாடல்களில் முன் பகுதியின் உயரத்தையும் மாற்றலாம். பூட்ஸை மாட்டி, அதற்கும் அந்தத் தகட்டுக்கும் இடையில் ஒரு காகிதத் துண்டை விட்டு இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கிழிந்தால் இறுக்கம் அதிகம், தானாக நழுவினால் குறைவு.

இனி நீங்கள் கேட்காத விஷயம். பூட்ஸ் புதிதா? இப்போது வரும் பல பூட்ஸுகளில் நடக்க வசதியாக வளைந்த ரப்பர் அடித்தளம், கிரிப்வாக் என்பார்கள். பழைய பைண்டிங் தட்டையான அடித்தளத்துக்குச் செய்தது. மாட்டினால் நுழையும், ஆனால் விழும்போது சரியாக விடும் என்று நம்ப முடியாது. பைண்டிங்கில் கிரிப்வாக் என்று குறி இல்லையென்றால் மகளைப் போட விடாதீர்கள்.

ஒவ்வொரு கம்பெனியும் எந்தெந்த மாடல்களுக்கு இன்னும் பொறுப்பேற்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடும். பட்டியலில் இல்லாததைக் கடைக்காரர் தொடமாட்டார். மகள் முதலில் அந்த ஊர்க் கடையில் ஸ்கீயை நீட்டி, "இது பட்டியலில் உண்டா?" என்று கேட்கட்டும். இல்லை என்றால் ஸ்கீயை வைத்துக்கொண்டு பைண்டிங்கை மாற்றுவதுதான் வழி. உண்டு என்றாலும் எத்தனை விசையில் கழல்கிறது என்று கருவியில் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கருவி வீட்டில் கிடையாது, என் பட்டறையிலும் கிடையாது.

எனக்கு வயது 52. பையன் ஜப்பானுக்குக் கூட்டிப்போகிறான். "நல்லா இறுக்கி வைங்க அங்கிள், கழலாது" என்கிறான் அவன் நண்பன். சரியா?

தப்பு. அந்த நண்பன் பக்கத்தில் ஸ்பேனரை வைக்காதீர்கள்.

எவ்வளவு விசையில் பைண்டிங் விடும் என்று காட்டும் டின் எண் என்று ஒன்று அதன் சின்னச் சன்னலில் தெரியும். அதை ஆசைப்பட்டு வைப்பதில்லை, ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தரத்தின் அட்டவணையிலிருந்து எடுக்கிறோம். எடை, உயரம், வயது, அடித்தள நீளம், எப்படி ஓட்டுவீர்கள் என்பது, இவ்வளவும் வேண்டும். எடை ஒரு வரிசையையும் உயரம் வேறு வரிசையையும் காட்டினால் எது லேசானதோ, அதாவது எண் குறைந்ததோ, அதுதான். 70 கிலோ எடையும் 160 செண்டிமீட்டர் உயரமும் என்றால் உயரத்தின் வரிசை. வயது 50 ஆகிவிட்டால் இன்னும் ஒரு வரிசை லேசாக. அடித்தளம் நீளமாக நீளமாக எண் குறையும், நீளமான நெம்புகோலுக்குக் குறைந்த விசை போதும் அல்லவா. எடையைக் கேட்டால் பாதிப் பேர் நான்கு கிலோ குறைத்துத்தான் சொல்வார்கள். கடையில் தராசு வைத்திருந்தோம்.

சும்மா ஓடும்போதே கழல்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி டின் எண் அல்ல. பூட்ஸ் பின்பக்கம் தள்ளும் அளவு தப்பாக இருக்கும், அல்லது அடியில் பனி ஒட்டியிருக்கும், அல்லது கல்தரையில் நடந்து அடித்தளம் தேய்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் எண்ணை ஏற்றுவது, பிரேக் கட்டை தேய்ந்ததற்கு ஹாரனை மாற்றுவது போல.

பழைய ஸ்கீயிலிருந்து கழற்றிய பைண்டிங்கை வேறொன்றில் நானே பூட்டலாமா? டிரில் இருக்கிறது.

துணிச்சல் இருந்தால் செய்யலாம். டிரில் பிட் அளவு பல ஸ்கீகளின் மேலேயே அச்சிட்டிருக்கும்: உள்ளே உலோகத் தகடு இல்லாததற்குப் பொதுவாக 3.5, இருப்பதற்கு 4.1 மில்லிமீட்டர். ஆழம் 9. ஒரு மில்லிமீட்டர் கூடப் போனால் அடிப்பக்கம் பொம்மிவிடும், அதனால் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பழைய துளை அருகே இருந்தால் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டராவது தள்ளிப் புதிய துளை. பழையதைப் பிளாஸ்டிக் ஆணியும் பசையும் வைத்து அடைத்துவிடுங்கள், ஈரம் இறங்கினால் உள்மரம் அழுகும். திருகிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தாங்கும் மரப்பசை.

திருகாணி பார்க்க நம் நட்சத்திர ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். ஆனால் அது போசிடிரைவ், மூன்றாம் எண். கடையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவரைப் போட்டு நான்கு தலையை வழித்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, நான்கையும் நானே துளைபோட்டு எடுக்கும்வரை பக்கத்தில் நின்று தேநீர் குடித்தார்.

பூட்டிய பிறகு கடையில் சோதிக்காமல் ஏறாதீர்கள்.

அண்ணே, சீசன் முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்கணுமா?

நான் தளர்த்துவதில்லை. தளர்த்திவிட்டு அடுத்த சீசனில் மறந்துபோய் அப்படியே ஏறியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியம், எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். உள்ளே கம்பெனி போட்ட கிரீஸைக் கழுவிவிடும். தண்ணீர்ப் பீய்ச்சியும் வேண்டாம்.

ஊருக்குத் திரும்பும்போது ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் கொண்டு வந்தேன். எட்டு வருஷமாக வீட்டு ஸ்டோரில் இருக்கிறது. அடுத்த ஆண்டு எடுத்துப் போகலாமா?

பூட்ஸை வளைத்துப் பாருங்கள், தம்பி. பல பூட்ஸ் பாலியூரித்தேன். நம் ஊர் ஈரக்காற்று வருஷக்கணக்கில் அதைத் தின்றுவிடும். வெளியே பளபளப்பாக இருந்து, மாட்டி ஒரு அடி வைத்ததும் பிஸ்கட் போல உதிர்ந்ததை இங்கேயே பார்த்திருக்கிறேன். பைண்டிங் பிளாஸ்டிக்கிலும் வெடிப்பு உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கீயின் இரும்பு விளிம்பில் துரு இருந்தால் தேய்த்தெடுத்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை.

தாத்தா துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். துரை விட்டுப்போன மரச் ஸ்கீ வீட்டில் இருக்கிறது. முன்னால் மூன்று முள், மேலே எலிப்பொறி போல் ஒரு கம்பி. உபயோகப்படுமா?

எலிப்பொறி என்று எழுதினீர்களே அக்கா, அதன் பெயரே அதுதான். ரொட்டெஃபெல்லா என்றால் நார்வே மொழியில் எலிப்பொறி. 1927இல் ப்ரோர் வித் என்ற நார்வேக்காரர் கண்டுபிடித்தது. பூட்ஸின் முன்நுனியில் மூன்று துளை இருக்கும், முள் அதில் ஏறும், கம்பி மேலிருந்து அமுக்கும். குதிகால் கட்டுப்படாது, நடந்து போகிற ஸ்கீ அது. விழுந்தால் கழலும் ஏற்பாடும் கிடையாது. காலில் வேண்டாம், கரையான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுவரில் மாட்டுங்கள். வார்னிஷ் அடித்து அந்தக் கம்பியை மறைத்துவிடாதீர்கள்.

உபயோகமில்லாத பைண்டிங்கின் பின் பகுதியை ஆட்டுக் கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக வைக்க நினைக்கிறேன். நல்ல ஸ்பிரிங் அண்ணே.

ஸ்பிரிங் நல்லதுதான், அதனால்தான் பயம். கழற்றுவதற்கு முன் டின் எண்ணைக் கடைசிவரை இறக்கிவிடுங்கள், இறுக்கமாக இருக்கும்போது பின்மூடியைத் திறந்தால் முகத்துக்குப் பாயும். தாழ்ப்பாளாக வேலை செய்யும். ஆனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை அமுக்கினால் திறந்துகொள்ளும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். வெள்ளாடு இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும்.